சூடு என்ற சொல்

ஜூன் 12, புதன்

இந்த நோட்டு வத்சலா டீச்சர் கொடுத்தது. கரூரில் அவர் நடத்தும் பேச்சுப் பயிற்சி மையத்தில் பிள்ளை படிக்கிற எல்லா அம்மாக்களுக்கும் வருஷத்துக்கு ஒன்று கொடுக்கிறார். இன்று என்ன சொல், எத்தனை முறை, பிள்ளை என்ன சொன்னது. இவ்வளவுதான் எழுத வேண்டும். நான் பி.காம். படித்தவள், கொஞ்சம் கூடவே எழுதுவேன் என்று சொன்னேன். எழுதுங்கள், நல்லதுதான் என்றார்.

மகள் நிறைமதி. ஏழு வயது. பிறவியிலேயே காது கேட்காது. ஐந்தரை வயதில் ஆபரேஷன் செய்து உள்ளே கருவி வைத்தார்கள். காதுக்குப் பின்னால் ஒரு மெஷின், தலையில் காந்தம்போல ஒட்டிக்கொள்ளும் வட்டம். தாமதமாக வந்திருக்கிறீர்கள், பார்ப்போம் என்றார் டாக்டர். இதே மையத்தில் தர்ஷினி என்று ஒரு குழந்தை. இரண்டு வயதில் கருவி வைத்தது. இப்போது போனில் அவள் மாமாவுடன் சண்டை போடுகிறாள். அதைக் கேட்ட அன்று வீட்டுக்கு வந்து வெகுநேரம் பாத்திரம் தேய்த்தேன்.

மையத்தின் விதி ஒன்றுதான்: சைகை கூடாது. கை பேசினால் நாக்கு தூங்கிவிடும் என்பார் டீச்சர். மதி கையால் கேட்கிற எதையும் வீட்டிலும் கொடுக்கக் கூடாது.

இன்றைய சொல்: பால். நாற்பது முறை. மதி சொன்னது: பா.

ஜூன் 13, வியாழன்

பால். அறுபது முறை. பா.

ஜூன் 20, வியாழன்

தண்ணி. மதி குடத்தைக் காட்டினாள். நான் வாயைக் காட்டினேன். அவள் மறுபடி குடத்தைக் காட்டினாள். வெயில் நாள். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. தம்ளரை அவள் கண் முன்னால் வைத்துக்கொண்டு நானும் குடிக்காமல்தான் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் பாய்ந்து என் முழங்கையைக் கடித்துவிட்டாள். பல் இறங்கி ரத்தம் வந்தது. மரஸ்கேலால் அவள் கையில் இரண்டு வைத்தேன். லேசாகத்தான்.

சாயங்காலம் வந்த அவள் அப்பா புறங்கையில் சிவப்புக் கோடுகளைப் பார்த்தார். அவர் பெயர் குணசேகரன். பஸ் பாடி கட்டும் ஷெட்டில் வெல்டர். கொஞ்ச நேரம் அந்தக் கையைப் பிடித்திருந்துவிட்டு, இப்படிச் செய்தால்தான் பேசுவாள் என்றால் செய், என் பிள்ளையை ஊமை என்று ஒருத்தன் சொல்லக் கூடாது என்றார்.

தண்ணி. மதி சொன்னது: ஒன்றும் இல்லை.

ஜூன் 27, வியாழன்

அவர் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போனதால் ஷெட்டுக்குக் கொண்டுபோனேன். தகரத்தைச் சுத்தியலால் அடிக்கிற சத்தத்தில் காது அடைத்துப்போகிறது. அவர் ஒரு பஸ்ஸின் கூரை மேல் நின்றிருந்தார். கீழே இருப்பவனிடம் இரண்டு விரலைக் காட்டினார், மணிக்கட்டைத் திருப்பினார், நெஞ்சைத் தட்டினார். அவன் சிரித்துக்கொண்டே போய் ஏதோ ஒரு சாமானை எடுத்து வந்தான். வேலை முழுவதும் அப்படித்தான் நடக்கிறது. யாரும் யார் கையிலும் அடிக்கவில்லை.

வீட்டில் அதைப் பற்றி நான் பேசவில்லை.

மையத்து வேனை ஓட்டுகிறவர் பழனியாண்டி. ஐம்பது வயது இருக்கும். எங்கள் வீடு கடைசி என்பதால் மதிதான் கடைசியாக இறங்குவாள். இறங்கும்போது அவர் மழை பெய்கிற மாதிரி, மாடு முட்டுகிற மாதிரியெல்லாம் கையால் செய்துகாட்டுகிறார். இவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். சைகை கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

"அது சிரிக்குதுங் அம்மிணி. அதுக்குத்தான்" என்றார்.

ஜூலை 4, வியாழன்

துப்பட்டாவால் கையைப் பின்னால் கட்டி உட்காரவைத்தேன். இருபது நிமிடம். கையைத் தொடைக்கு அடியில் வைக்கச் சொல்லுங்கள் என்றுதான் டீச்சர் சொல்லியிருந்தார். அவள் வைக்கமாட்டேன் என்கிறாள், வேறு வழி என்ன.

அம்மா. எண்பது முறை. சொன்னது: மா. இரண்டு தடவை. ஆனால் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

ஜூலை 8, திங்கள்

இன்று பயிற்சி எழுதவில்லை. மதியின் வலது உள்ளங்கையில் தீப்புண். தோசைக்கல்லில் பட்டிருக்கும். மருந்து போட்டாயிற்று.

ஜூலை 9, செவ்வாய்

மதியை மையத்துக்கு அனுப்பவில்லை. அவர் இரண்டு நாள் ஷெட்டிலேயே தங்கி வேலை பார்த்துவிட்டுக் காலையில்தான் வந்தார். கட்டைப் பிரித்துப் பார்த்தார். உள்ளங்கை முழுவதும் கொப்புளம். எப்படி ஆயிற்று என்று கேட்டார். தெரியலைங்க என்றேன்.

மதியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, என்ன கண்ணு, யாரு என்று கேட்டார். சைகையால்தான் கேட்டார். அவள் புண்ணைத் தொட்டுக்காட்டினாள். பிறகு விரல்களைக் குவித்து, காற்றில் எதையோ பிடித்துத் திருகினாள். மறுபடியும் திருகினாள்.

அவர் முகம் மாறியது. "சாவி. வேன் சாவி. சூடான எஞ்சின்ல கைய வெச்சுருக்கான். நேத்து வேன் எத்தன மணிக்கு வந்துச்சு?"

நாற்பது நிமிடம் தாமதம், டயர் பஞ்சர் என்று பழனியாண்டி சொன்னார் என்றேன். அது உண்மை.

"கடைசியா எறங்குறது இவதான?"

அதுவும் உண்மை. நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலை 10, புதன்

காலை எட்டே காலுக்கு வேன் வந்தது. அவர் ஷெட்டிலிருந்து கொண்டுவந்திருந்த இரும்புக் குழாயுடன் கேட்டுக்குப் பின்னால் நின்றார். பழனியாண்டி மதியின் பையை வாங்கக் கையை நீட்டிக்கொண்டு இறங்கினார். முதல் அடி அந்தக் கையில் விழுந்தது. எலும்பு உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது. பழனியாண்டி என்னைத்தான் பார்த்தார், ஏன் என்று கேட்கிற மாதிரி. இரண்டாவது விலாவில். மூன்றாவது வாயில். கீழே விழுந்த பிறகும் அடி நிற்கவில்லை. வேனுக்குள் இருந்த பிள்ளைகள் ஜன்னலைத் தட்டி அலறின.

மதி என் பிடியைத் திமிறிக்கொண்டு ஓடினாள். அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு தலையைத் தலையை ஆட்டினாள். அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவளுக்கு அவ்வளவு பெரிய குரல் இருப்பது எனக்குத் தெரியாது. பயந்துவிட்டாள் என்று நினைத்து அவர் குழாயைப் போட்டுவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டார். அவள் அவர் முகத்தில் அடித்தாள், அடித்துக்கொண்டே வேனைக் காட்டி இல்லை இல்லை என்று கையை வீசினாள்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பழனியாண்டியை ஆட்டோவில் ஏற்றினார்கள். வாசலில் இரண்டு பல் கிடந்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவினேன்.

ஜூலை 13, சனி

அவரைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது. பழனியாண்டி ஆஸ்பத்திரியில். வலது கையில் இரண்டு இடத்தில் முறிவு. பெண் பிள்ளையை ஏதோ செய்துவிட்டான் என்று ஊர் முழுக்கப் பேச்சு. நேற்று பழனியாண்டி வீட்டு முன்னால் நின்ற வேனின் கண்ணாடிகளை நொறுக்கி, சீட்டைக் கிழித்துத் தீ வைத்திருக்கிறார்கள். அவர் பெண்ணுக்கு ஆவணியில் கல்யாணம் பேசியிருந்தது நின்றுபோனது.

என் அண்ணன் வந்து, மாப்பிள்ளை ஆம்பளைதான் என்றான்.

ஜூலை 19, வெள்ளி

பழனியாண்டியின் மனைவி அஞ்சலை வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, உள்ளே இருந்த மதியைப் பார்த்தாள்.

"அந்தப் புள்ளைகிட்ட ஒரு வார்த்த கேக்கணும். எங்கூட்டுக்காரரு உன்னயத் தொட்டாரான்னு ஒரே ஒரு வார்த்த."

அதுக்குப் பேச வராது என்றேன்.

"நீதாம்மா பேச வெக்கிற. ஒரு வருசமா அவரு கூட்டிட்டுப் போறாரு. இன்னுமா ஒரு வார்த்த வரல?"

கதவைச் சாத்தினேன். கதவுக்கு வெளியே சத்தம் கேட்டது. அவள் நெற்றியால் முட்டிக்கொண்டிருந்தாள். பத்துப் பதினைந்து முறை. நான் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். எண்ணுவது பழக்கமாகிவிட்டது.

ஆகஸ்ட் 3, சனி

அவர் ஜாமீனில் வந்துவிட்டார். தினமும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும்.

பழனியாண்டி மேல் இவர் கொடுத்த புகாருக்காக, குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து ஷாகிதா என்று ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். அவள் அப்பா, அம்மா இரண்டு பேருக்குமே காது கேட்காதாம். இவளுக்குக் கேட்கும். கோர்ட்டில் சைகை மொழியை மொழிபெயர்க்கிற வேலை. மதி முன்னால் தரையில் உட்கார்ந்து கையால் பேச ஆரம்பித்தாள். மதி அந்தக் கைகளையே பார்த்தாள். பசித்தவர்கள் சோற்றைப் பார்க்கிற பார்வை. என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் கைகளைப் பாவாடைக்கு அடியில் ஒளித்துக்கொண்டாள். ஷாகிதாவும் என்னைப் பார்த்தாள்.

ஒரு மணி நேரம் கழித்து எங்களிடம் சொன்னாள்: இவளுக்குத் தமிழும் இல்லை, சைகை மொழியும் இல்லை. எதையோ சொல்ல வருகிறாள், ஆனால் வாக்குமூலமாக எடுக்க இதில் ஒன்றும் இல்லை. திருச்சியில் சைகையில் சொல்லித்தரும் பள்ளிக்கூடம் இருக்கிறது. மூன்று மாதம் மற்ற பிள்ளைகளோடு இருக்கட்டும், தானாகச் சொல்வாள்.

அங்கே போனால் இதுவரை வந்த பேச்சும் போய்விடும் என்றேன். மெஷினைக் கழற்ற வேண்டாம், சத்தமும் கேட்கட்டும், கையும் பேசட்டும், ஒன்றுக்காக இன்னொன்றைக் கொல்ல வேண்டியதில்லை என்றாள் ஷாகிதா. சில பிள்ளைகளுக்குக் காது போதும், உங்கள் பிள்ளைக்குப் போதவில்லை, ஏழு வயதுவரை ஒரு மொழியும் இல்லாமல் வைத்திருக்கிறீர்கள் என்றும் சொன்னாள்.

பிள்ளை வாயால் பேசியே தீர வேண்டும் என்றவர் என் வீட்டுக்காரர். இன்று அவர்தான், அங்கேயே சேர்க்கலாம் என்றார்.

"அவ வாயால வேண்டாம். கையால சொல்லட்டும். அந்த நாயி உள்ள போகோணும்."

நான் வேண்டாம் என்றேன். மறுபடியும் வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். கை பேசினால் நாக்கு தூங்கிவிடும் என்று டீச்சர் சொல்லியிருப்பதைச் சொன்னேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

வத்சலா டீச்சருக்குப் போன் செய்தேன். அனுப்பாதீர்கள் என்று அவர் வாயால் சொல்லிவிட்டால் போதும் என்று இருந்தது. பேச்சோடு பேச்சாகத் துப்பட்டாவைப் பற்றியும் சொல்லிவிட்டேன்.

"நான் கட்டச் சொல்லலையே, தமயந்தி."

சொல்லவில்லைதான் என்றேன். என்னிடம் தேறாதது அங்கே தேறுமானால் அனுப்பிவிடுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 12, திங்கள்

திருச்சி. பள்ளிக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். காலையில் விட்டு, மாலையில் கூட்டி வருவது. மதியம் அம்மாக்கள் சாப்பாடு பரிமாறலாம். எண்பது பிள்ளைகள். தட்டுச் சத்தமும் சிரிப்பும் மட்டும் கேட்கிறது. பேச்சு எல்லாம் கையில். ஒரு பையன் இன்னொருவனைக் கையால் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிவிட்டு வார்டனிடம் அடி வாங்குகிற மாதிரி நடித்துக் காட்டினான். மதி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 2, திங்கள்

மூன்று வாரத்தில் நூறு சொல்லுக்கு மேல் வந்துவிட்டது. நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன், எழுத முடியவில்லை. இங்கே எல்லாருக்கும் ஒரு கைப்பெயர் வைக்கிறார்கள். மதிக்குக் கன்னத்தில் குழி விழும் இடத்தில் விரலை வைத்துத் திருப்புவது. எனக்கு என்ன பெயர் என்று ஒரு ஆயா அவளைக் கேட்டாள். மதி யோசித்தாள். பிறகு இடது புறங்கையில் வலது கையால் இரண்டு முறை வெட்டினாள்.

ஸ்கேல்.

செப்டம்பர் 14, சனி

இன்று சாப்பாட்டுக் கூடத்தில் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தேன். மதி எதிரே இருந்த பெண்ணிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பின்னால் நிற்பது தெரியாது. விரல்களைக் குவித்துக் காற்றில் திருகினாள். திருகின இடத்துக்கு மேலே விரல்களை நெளித்து நெருப்பு வைத்தாள். தன் மணிக்கட்டைத் தானே இறுக்கிப் பிடித்தாள். அதை இழுத்துக்கொண்டு போய் அழுத்தினாள். அந்தப் பெண், யார் என்று கேட்டது. நான் கரண்டியை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

இனி எழுதிவிடுகிறேன். ஜூலை 8, திங்கள். அன்றைய சொல்: சூடு. தொண்ணூறு முறை ஆகியும் வாயைத் திறக்கவில்லை. ஊதுகிற மாதிரி கையால் காட்டினாள், சுடும் என்று. அவளுக்குப் பொருள் தெரிகிறது, சொல்லத்தான் மாட்டேன் என்கிறாள். திமிர் என்று நினைத்தேன். அடுப்பைத் திருகினேன். கல் காய்ந்ததும் அவள் மணிக்கட்டைப் பிடித்து உள்ளங்கையைக் கல்லின்மேல் வைத்தேன். பட்டுவிடவில்லை. வைத்தேன். அழுத்தினேன்.

"சூ" என்று கத்தினாள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைத்தான் யாரிடமும் சொல்ல முடியாது. முதல் தடவையாகச் சரியான சத்தம் வந்தது என்று கை நோட்டைத் தேடியது. பிறகுதான் வாடை வந்தது.

மறுநாள் அவள் திருகிக் காட்டியது சாவி இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும்.

அக்டோபர் 5, சனி

அவர் பார்க்க வந்தார். மதியை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்றேன். சாப்பாடு சரியில்லை, பேச்சு போய்விட்டது, மெஷினைக்கூட சில நாள் போட்டுக்கொள்வதில்லை. ஒவ்வொன்றாகச் சொன்னேன். கோர்ட்டில் நாள் குறித்தாயிற்று, அவள் சொல்லாமல் எங்கேயும் வரமாட்டாள் என்றார். நான் விடாமல் கேட்டேன். கன்னத்தில் அறைந்தார். உதடு கிழிந்தது. அறைக்கு வெளியே நின்றிருந்த மதி உள்ளே வந்து எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எனக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

இன்றே சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

நவம்பர் 6, புதன்

கோர்ட். நடுவர் ஒரு பெண்மணி. தன் அறையில் வைத்தே மதியிடம் கேட்டார். மேசைக்கு ஒரு பக்கம் நானும் என் வீட்டுக்காரரும். இன்னொரு பக்கம் பழனியாண்டியும் அஞ்சலையும். அவர் வலது கை மடங்கவில்லை, பலகை மாதிரி தொங்குகிறது. முன்பற்கள் இல்லை. மதி அவரைப் பார்த்ததும் மழை பெய்து காட்டினாள். அவர் இடது கையால் பதிலுக்குச் செய்யப் பார்த்தார், முடியவில்லை, தலையைக் குனிந்துகொண்டார்.

நடுவர் கேட்டதை ஷாகிதா கையால் கேட்டாள். உன் கையைச் சுட்டது யார்? இந்தத் தாத்தாவா?

மதி வேகமாகத் தலையாட்டி மறுத்தாள். அவர் இல்லை. அவர் நல்லவர். என் வீட்டுக்காரரின் மூச்சு எனக்குக் கேட்டது.

அப்படியென்றால் யார்?

மதி என்னைப் பார்த்தாள். கிழிந்து ஆறிய என் உதட்டைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, நிதானமாக, ஒவ்வொரு கையசைவாகச் சொன்னாள். ஷாகிதா அதைத் தமிழில் சொன்னாள்:

"நானே அடுப்பைப் பத்த வெச்சேன். நானே தொட்டேன். அம்மா அப்ப வீட்ல இல்ல."

மூன்று வாக்கியம். எழுவாய், பயனிலை எல்லாம் சரியாக இருந்தது. என் மகள் வாழ்க்கையில் எனக்காகச் சொன்ன முதல் மூன்று வாக்கியம். மூன்றும் பொய்.

நடுவர் எழுதத் தொடங்கினார். அந்தப் பேனா ஒரு வரி ஓடியிருக்கும்.

"எழுதாதீங்கம்மா. அவ பொய் சொல்றா. நான்தான் புடிச்சு வெச்சேன்" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்கேல், துப்பட்டா, கல். திருகியது சாவி இல்லை என்று தெரிந்தும் பேசாமல் இருந்தது. ஷாகிதா நான் சொல்வதையெல்லாம் மதிக்குக் கையால் சொல்லிக்கொண்டே இருந்தாள். மதி அழுதாள்.

அஞ்சலை எழுந்து வந்து என் முடியைப் பிடித்து மேசை விளிம்பில் மோதினாள். யாரும் உடனே தடுக்கவில்லை. நான் தலையை விலக்கிக்கொள்ளவில்லை.

நவம்பர் 7, வியாழன்

புருவத்தில் நான்கு தையல். என் மேல் வழக்கு எழுதிவிட்டார்கள். ஜாமீனில் அண்ணன் வீட்டில் இருக்கிறேன். அண்ணன் என்னோடு பேசுவதில்லை.

கோர்ட் வராந்தாவில் தூணில் தலையை மோதிக்கொண்ட என் வீட்டுக்காரரை இரண்டு போலீஸ்காரர்கள் பிடித்து உட்காரவைத்தார்களாம். அங்கிருந்து அவர் நேராகப் பழனியாண்டி வீட்டு வாசலுக்குப் போய் நின்றிருக்கிறார். அவர்கள் மகள் விளக்குமாற்றால் அடித்திருக்கிறாள். வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறார். பழனியாண்டி வெளியே வந்து, அடிச்சா என் கை வளையுமா, உள்ள வா என்று மகளைத்தான் கூப்பிட்டாராம். வழக்கை வாபஸ் வாங்கமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். வாங்கக் கூடாது.

நவம்பர் 30, சனி

மதி பள்ளி விடுதியிலேயே இருக்க வேண்டும் என்று உத்தரவு. சனிக்கிழமைகளில் ஒரு மணி நேரம், ஷாகிதா பக்கத்தில் இருக்க, நான் பார்க்கலாம். இன்று முதல் தடவை.

கொஞ்சம் வளர்ந்திருக்கிறாள். பக்கத்தில் வரவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, உள்ளங்கையைத் திருப்பி எனக்குக் காட்டினாள். தோல் சுருங்கி, ரேகைகள் இல்லாமல் இருந்தது. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அது எனக்கே புரிந்தது.

ஏன்?

ஷாகிதா மொழிபெயர்க்கக் கையை எடுத்தாள். வேண்டாம், நானே சொல்கிறேன் என்றேன். எனக்குத் தெரிந்தது முப்பது நாற்பது சொல்தான். அம்மா. தப்பு. பேச்சு. ஆசை. பயம். எதை முன்னால் வைப்பது என்று தெரியவில்லை. என் விரல்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. திரும்ப ஆரம்பித்தேன். மூன்று முறை சொன்னேன். மதி கண்ணை எடுக்காமல், பொறுமையாக, முழுவதையும் பார்த்தாள்.

பிறகு ஷாகிதாவிடம் திரும்பி ஏதோ சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

என்ன சொன்னாள் என்று கேட்டேன். ஷாகிதா சொன்னாள்:

"நீங்க சொன்னது புரியலையாம். ஒழுங்கா கத்துக்கிட்டு வந்து சொல்லச் சொன்னா."

வகுப்பு செவ்வாய், வெள்ளி மாலைகளில் இருக்கிறது. பெயர் கொடுத்துவிட்டு வந்தேன்.